பழைய கணனியும் பற்றாத நினைவகமும்



நம்மில் பலருடைய வீடுகளில் ஒரு பழைய கணனி இருக்கிறது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு, பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிக்க நேர்ந்தபோது அவசரமாக வாங்கியதாக இருக்கலாம். வெளிநாட்டிலிருந்து வந்த மாமாவோ நானாவோ கொண்டு வந்து கொடுத்ததாகவும் இருக்கலாம். இன்று அதில் மகள் தன் பாடக் குறிப்புகளைத் தட்டுகிறாள். உம்மா தையல் கணக்கை எழுதி வைக்கிறார். வாப்பா வெளிநாட்டிலிருந்து முகம் பார்த்துக் கதைப்பதும் அதில்தான்.

ஆனால் கணனி நடக்க மறுக்கிறது. ஒரு பக்கத்தைத் திறந்து விட்டு அடுப்படிக்குப் போய்த் தேநீர் ஊற்றிக் கொண்டு வந்தாலும் அது இன்னும் திறந்தபாடில்லை. பெட்டியின் முன்னாலுள்ள சின்ன விளக்கு ஓயாமல் மினுங்குகிறது. உள்ளே கரகரவென்று ஒரு சத்தம் கேட்கிறது. கடையில் காட்டினால், "இது பழசு, வேறொன்று வாங்குங்கள்" என்று ஒரே சொல்லில் முடித்து விடுகிறார்கள்.

2022ஆம் ஆண்டில் ரூபாவின் பெறுமதி சரிந்ததிலிருந்து, புதிய கணனி என்பது ஒரு நடுத்தரக் குடும்பத்துக்குப் பல மாதச் சேமிப்பாகி விட்டது. ஆகவே, "வீசி விடுங்கள்" என்ற சொல்லை ஏற்குமுன், உங்கள் கணனிக்கு வந்திருப்பது முதுமையா, அல்லது வெறும் இடநெருக்கடியா என்பதை நீங்களே அறிந்து கொள்வது நல்லது. இவ்விதழில் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

மேடையும் களஞ்சியமும்

கணனிக்குள் இரண்டு வகையான இடங்கள் உண்டு. ஒன்று ரேம் எனப்படும் நினைவகம். மற்றது வன்தட்டு, அதாவது ஹார்ட் டிஸ்க். இரண்டையும் "மெமரி" என்று ஒரே பெயரால் அழைப்பதனால்தான் பலருக்குக் குழப்பம் ஏற்படுகிறது.

நமது குசினியை நினைத்துக் கொள்ளுங்கள். அரிசி மூடை, மாப் பேணி, மசாலாத் தூள் எல்லாம் களஞ்சிய அறையில் இருக்கும். அது பெரிய அறை. மாதக் கணக்கில் பொருட்கள் அங்கே கிடக்கலாம். ஆனால் சமைக்கும்போது வேண்டியதை மட்டும் எடுத்து வந்து அடுப்புக்குப் பக்கத்திலுள்ள மேடையில் வைத்துக் கொள்கிறோம். கை எட்டும் தூரத்தில் இருப்பதால் வேலை விரைவாக நடக்கிறது. சமையல் முடிந்ததும் மேடை துடைக்கப்பட்டு விடும்.

வன்தட்டு என்பது களஞ்சியம். ரேம் என்பது மேடை. உங்கள் புகைப்படங்களும் கடிதங்களும் களஞ்சியத்தில் இருக்கின்றன. நீங்கள் ஒன்றைத் திறந்ததும் அது மேடைக்கு வருகிறது. மின்சாரம் போனால் மேடையில் இருந்தவை அனைத்தும் அழிந்து விடும். களஞ்சியத்தில் உள்ளவை அப்படியே இருக்கும். "500 ஜி.பி. மெமரி உள்ள கணனி, ஆனாலும் மெதுவாக இருக்கிறதே" என்று கேட்பவர், களஞ்சியத்தின் அளவைச் சொல்லி மேடையைப் பற்றிக் குறைப்படுகிறார் என்பதே பொருள்.

ஸ்வொப் பைல் என்றால் என்ன?

நான்கு பேருக்குச் சமைக்கப் போதுமான மேடையில் நாற்பது பேருக்குச் சமைக்க வேண்டியேற்பட்டால் என்ன செய்வோம்? இப்போதைக்குத் தேவையில்லாத சட்டியை எடுத்துக் களஞ்சியத்தின் ஒரு மூலையில் வைத்து விட்டு, அந்த இடத்தில் வேறொன்றை வைப்போம். பின்னர் அந்தச் சட்டி தேவைப்பட்டால், மேடையிலுள்ள வேறொன்றை உள்ளே வைத்து விட்டு அதை வெளியே எடுப்போம்.

கணனியும் இதையே செய்கிறது. ரேம் நிரம்பி வரும்போது, சிறிது நேரமாகத் தொடப்படாத பகுதிகளை வன்தட்டில் ஒதுக்கி வைத்துள்ள ஒரு கோப்புக்கு மாற்றுகிறது. அந்தக் கோப்பைத்தான் ஸ்வொப் பைல் என்றும் பேஜ் பைல் என்றும் அழைக்கின்றனர். நாம் மாற்றுக் கோப்பு எனலாம். விண்டோஸில் அதன் பெயர் பேஜ்பைல்.சிஸ். பெரும்பாலும் சி டிரைவில் மறைந்திருக்கும். சாதாரணக் கணனிகளில் இந்த மாற்றம் 4 கிலோபைட் அளவுள்ள சிறு சிறு பக்கங்களாக நடைபெறுகிறது. 4 ஜி.பி. ரேமில் இப்படிப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் உள்ளன.

இது மிகவும் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. ஆனால் இதற்கு நாம் ஒரு விலை கொடுக்கிறோம். அந்த விலை நேரம். ரேமிலிருந்து ஒரு பக்கத்தை எடுக்க ஒரு விநாடி செல்கிறது என்று ஒரு கற்பனைக் கணக்குக்கு வைத்துக் கொள்ளுங்கள். அதே கணக்கில், சுழலும் வன்தட்டிலிருந்து அதை எடுக்க ஏறத்தாழ ஒரு நாளுக்கும் மேல் ஆகும். சுழலும் பாகங்களில்லாத எஸ்.எஸ்.டி. என்ற புதுவகைத் தட்டிலிருந்து எடுக்கச் சுமார் கால் மணித்தியாலம் போதும். வேறுபாடு அவ்வளவு பெரியது. சின்ன விளக்கு ஓயாமல் மினுங்குவதும், கரகர சத்தமும் எதனால் என்று இப்போது விளங்கும். கணனி சமைக்கவில்லை. மேடைக்கும் களஞ்சியத்துக்கும் இடையே நடந்தே களைத்துப் போகிறது.

பழைய கதை

இந்த ஏற்பாடு நேற்று முளைத்ததல்ல. இங்கிலாந்தின் மன்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1962இல் இயங்கத் தொடங்கிய அட்லஸ் என்ற பெரும் கணனியில்தான் இது முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. அங்கே விரைவான நினைவகம் மிகவும் விலையுயர்ந்ததாகவும் சிறியதாகவும் இருந்தது. ஆகவே, சுழலும் காந்த உருளை ஒன்றை அதனுடன் சேர்த்து, இரண்டும் ஒரே பெரிய நினைவகம் போலத் தோற்றமளிக்கச் செய்தார்கள். இல்லாத இடத்தை இருப்பது போல் காட்டுவதால்தான் இது மெய்நிகர் நினைவகம் எனப்படுகிறது.

1981இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணனியில் இந்த வசதி இருக்கவில்லை. அதன் செயலி மொத்தம் ஒரு மெகாபைட்டைத்தான் அறியும். அதிலும் 640 கிலோபைட் மட்டுமே மென்பொருட்களுக்குக் கிடைத்தது. 1985இல் வந்த இன்டெல் 386 செயலிதான் பக்கம் பக்கமாக மாற்றும் வேலையை வீட்டுக் கணனிக்குக் கொண்டு வந்தது. 1992இல் வெளியான விண்டோஸ் 3.1இல் மாற்றுக் கோப்பை நிரந்தரமாக வைப்பதா, தற்காலிகமாக வைப்பதா என்று பாவிப்பவரே தெரிவு செய்ய வேண்டியிருந்தது. 1995இல் வந்த விண்டோஸ் 95, தேவைக்கேற்ப அதைத் தானே பெரிதாக்கவும் சிறிதாக்கவும் தொடங்கியது. அது கேட்ட ஆகக் குறைந்த ரேம் வெறும் 4 மெகாபைட். விண்டோஸ் 11 ஆகக் குறைந்தது 4 ஜி.பி. கேட்கிறது. அதாவது ஆயிரத்து இருபத்து நான்கு மடங்கு.

கணனிகள் பழசாவதன் பெரும் இரகசியம் இதுதான், சகோதரிகளே. உங்கள் கணனியின் மேடை சுருங்கவில்லை. அதில் வைக்கும் சட்டிகள்தான் ஆண்டுக்கு ஆண்டு பெருத்து விட்டன.

நோயைக் கண்டுபிடிப்பது எப்படி?

இதற்குக் கடைக்குப் போகத் தேவையில்லை. கணனி மெதுவாகி நிற்கும் அந்த நேரத்திலேயே கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மெனேஜர் என்ற பெட்டி திறக்கும். விண்டோஸ் 10 உள்ள கணனியில் அதன் பெர்போமன்ஸ் பகுதிக்குச் சென்றால் சிபியு, மெமரி, டிஸ்க் என்று தனித்தனியே காட்டும்.

மெமரி நூற்றுக்கு 85, 90 என்று நிற்கிறது, அதேவேளை டிஸ்க் 100ஐத் தொட்டுக் கொண்டிருக்கிறது என்றால், அநேகமாக உங்கள் நோய் இடநெருக்கடிதான். மெமரி பாதியளவில் இருக்கும்போதே டிஸ்க் மட்டும் நாள் முழுவதும் 100இல் நிற்குமானால், வன்தட்டு பழுதாகி வருகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். அப்படியானால் வேறு எதையும் செய்யுமுன் புகைப்படங்களையும் முக்கிய கோப்புகளையும் வேறோர் இடத்தில் பிரதி எடுத்து விடுங்கள். இரண்டும் குறைவாக இருந்து சிபியு மட்டும் உச்சத்தில் இருந்தால், தூசி அடைத்துச் சூடாவதோ, ஏதோ ஒரு மென்பொருள் ஓயாமல் ஓடுவதோ காரணமாக இருக்கலாம். ரேம் வாங்கிப் போட்டும் பயனில்லை.

மெமரி பகுதியின் கீழே கொமிட்டட் என்ற சொல்லுக்கு அருகில் இரண்டு எண்கள் இருக்கும். உதாரணமாக 6.1/7.9 ஜி.பி. என்று காட்டலாம். முதலாவது, இப்போது திறந்திருக்கும் மென்பொருட்களுக்குக் கணனி கொடுத்துள்ள வாக்கு. இரண்டாவது, அது கொடுக்கக்கூடிய மொத்த வாக்கு. அதாவது ரேமும் மாற்றுக் கோப்பும் சேர்ந்த கூட்டுத்தொகை. முதலாவது எண் இரண்டாவதை நெருங்கினால், "நினைவகம் குறைவாக உள்ளது" என்ற எச்சரிக்கை வரும். அதையும் கவனியாது விட்டால் மென்பொருட்கள் தாமாகவே மூடிக் கொள்ளும். மகள் இரண்டு மணித்தியாலம் தட்டிய ஒப்படை அப்படித்தான் காணாமல் போகிறது.

காசு செலவில்லாத வைத்தியம்

முதலில் மேடையைத் துப்புரவு செய்வோம்.

ஒன்று: இணைய உலாவியில் திறந்து கிடக்கும் பக்கங்களை மூடுங்கள். பழைய கணனியில் ரேமை அதிகம் விழுங்குவது பெரும்பாலும் இந்த உலாவிதான். பிறகு பார்ப்போம் என்று இருபது பக்கங்களைத் திறந்து வைப்பது, இருபது சட்டிகளை மேடையில் அடுக்கி வைப்பதற்குச் சமம். வேண்டிய பக்கத்தை புக்மார்க் செய்து விட்டு மூடி விடலாம்.

இரண்டு: டாஸ்க் மெனேஜரில் ஸ்டார்ட்அப் என்ற பகுதியைப் பாருங்கள். கணனியைத் திறந்தவுடன் உங்களைக் கேளாமலே ஓடத் தொடங்கும் மென்பொருட்களின் பட்டியல் அங்கே இருக்கும். தினமும் தேவைப்படாதவற்றை டிசேபிள் செய்யுங்கள். இதனால் அவை அழிந்து போவதில்லை. நீங்கள் கூப்பிடும்போது மட்டும் வரும். அது என்னவென்று தெரியாத பெயரைத் தொடாமல் விடுவதே புத்தி.

மூன்று: வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒன்று போதும். இரண்டு இருந்தால் பாதுகாப்பு இரட்டிப்பாவதில்லை. ஒன்றையொன்று இடித்துக் கொண்டு மேடையைப் பங்கு போட்டுக் கொள்ளும். விண்டோஸ் 10இல் அதனுடனேயே ஒன்று வருகிறது.

நான்கு: கிழமைக்கு ஒரு முறையாவது ரீஸ்டார்ட் கொடுங்கள். விண்டோஸ் 8 முதற்கொண்டு, ஷட்டவுன் கொடுத்தாலும் பல கணனிகள் தமது உட்பகுதியின் நிலையைத் தட்டில் எழுதி வைத்து, மறுநாள் அதையே திரும்ப எடுத்துக் கொள்கின்றன. முழுமையாகப் புதிதாய்த் தொடங்குவது ரீஸ்டார்ட்டில்தான்.

ஐந்து: ரேமைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் இலவச மென்பொருட்களை நம்ப வேண்டாம். அவை செய்வதெல்லாம், மேடையிலுள்ளவற்றை வலுக்கட்டாயமாகக் களஞ்சியத்துக்குத் தள்ளுவதுதான். எண் குறைந்ததாகக் காட்டும். அடுத்த நிமிடம் அவற்றைத் திரும்ப எடுத்து வரக் கணனி மறுபடியும் நடக்கத் தொடங்கும்.

மாற்றுக் கோப்பை என்ன செய்வது?

இதைப் பற்றித்தான் பிழையான ஆலோசனைகள் அதிகம். "அதை நிறுத்தி விடுங்கள், கணனி பறக்கும்" என்று சிலர் சொல்வதுண்டு. 4 ஜி.பி. ரேம் உள்ள கணனியில் இதைச் செய்வது, சின்ன மேடையுள்ள குசினியில் களஞ்சியக் கதவையும் பூட்டி விடுவதற்கு ஒப்பாகும். இடம் முடிந்தால் ஒதுக்கி வைக்க வழியே இல்லை. மெதுவாக நடக்கும் கணனி, நடுவழியில் விழும் கணனியாகி விடும்.

"மிகப் பெரிதாக வைத்தால் வேகம் கூடும்" என்பது இன்னொரு ஆலோசனை. இதுவும் சரியல்ல. மாற்றுக் கோப்பைப் பெரிதாக்கினால் கணனி விழாமல் இருக்கும். வேகம் கூடாது. ரேமின் ஒன்றரை மடங்கு வைக்க வேண்டும் என்ற பழைய விதியும், ரேம் மிகவும் குறைவாக இருந்த நாட்களுக்குரியது. இன்று எல்லாக் கணனிகளுக்கும் பொருந்தும் விதி அல்ல.

பெரும்பாலானோருக்குச் சிறந்த வழி, அளவை விண்டோஸிடமே விட்டு விடுவதாகும். அது சரியாக இருக்கிறதா என்று பார்க்க, திஸ் பிசி என்பதில் வலப்பக்கப் பொத்தானை அழுத்தி புரொபர்ட்டீஸ் செல்லுங்கள். அங்கே அட்வான்ஸ்ட் சிஸ்டம் செட்டிங்ஸ், பின்னர் பெர்போமன்ஸ் என்பதன் கீழுள்ள செட்டிங்ஸ், அதில் அட்வான்ஸ்ட், இறுதியாக வெர்ச்சுவல் மெமரி என்பதன் கீழுள்ள சேஞ்ச். முதல் வரியிலுள்ள ஒட்டோமெட்டிக் என்ற பெட்டியில் சரி அடையாளம் இருந்தால், நீங்கள் செய்ய வேண்டியது எதுவுமில்லை. யாரோ முன்னர் அதை நீக்கியிருந்தால் மீண்டும் இட்டு, கணனியை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. கோப்பு வளர்வதற்குச் சி டிரைவில் இடம் இருக்க வேண்டும். களஞ்சியமே நிரம்பி வழிந்தால் சட்டியை எங்கே வைப்பது? கலியாண வீட்டுக் காணொளிகள், வட்ஸ்அப்பிலிருந்து இறக்கிய படங்கள், டவுன்லோட்ஸில் குவிந்து கிடக்கும் பழைய கோப்புகள் ஆகியவற்றை வேறு தட்டுக்கு மாற்றி, சி டிரைவில் 15, 20 ஜி.பி. அளவாவது எப்போதும் வெறுமையாக இருக்கச் செய்யுங்கள். பலருடைய கணனியில் "நினைவகம் குறைவு" என்ற எச்சரிக்கை இந்த ஒன்றினாலேயே நின்று விடுகிறது.

எச்சரிக்கை தொடர்ந்து வருமானால் அளவை நீங்களே குறிக்கலாம். ஒட்டோமெட்டிக் அடையாளத்தை எடுத்து விட்டு, சி டிரைவைத் தெரிவு செய்து, கஸ்டம் சைஸ் என்பதில் இனிஷியல் 4096 என்றும் மக்சிமம் 8192 என்றும் இட்டு, செட் பொத்தானை அழுத்துங்கள். இவை மெகாபைட் கணக்கு. 1024 மெகாபைட் ஒரு ஜி.பி. ஆகும். 4 ஜி.பி. ரேம் உள்ள வீட்டுக் கணனிக்கு இவ்வளவு போதுமானது. ஒரே கணனிக்குள் சுழலும் தட்டும் எஸ்.எஸ்.டி.யும் இருந்தால், மாற்றுக் கோப்பை எஸ்.எஸ்.டி.யில் வைப்பதே மேல். பென் டிரைவில் மாற்றுக் கோப்பை வைக்க ஒருபோதும் முயல வேண்டாம்.

செலவு செய்வதானால் எதற்கு?

மேற்சொன்ன அனைத்தையும் செய்தும் மெமரி எந்நேரமும் 90இல் நிற்குமானால், மேடையைப் பெரிதாக்குவதே வழி. 4 ஜி.பி.யை 8 ஆக்குவது, பழைய கணனிக்குச் செய்யக்கூடிய மலிவான, பயனுள்ள வைத்தியங்களில் ஒன்று. கடைக்குப் போகுமுன் மூன்று விடயங்களைத் தெரிந்து வைத்துக் கொள்ளுங்கள்.

முதலாவது, ரேமின் வகை. டிடிஆர்2, டிடிஆர்3, டிடிஆர்4 என்பன வெவ்வேறானவை. அவற்றின் அடியிலுள்ள வெட்டு வெவ்வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது. லெப்டொப்புக்குரியது மேசைக் கணனிக்குரியதை விடக் குட்டையானது. இரண்டாவது, வெறுமையான துளை உண்டா என்பது. டாஸ்க் மெனேஜரின் மெமரி பகுதியில் ஸ்லொட்ஸ் யூஸ்ட் என்பதற்கு எதிரே 1 ஒப் 2 என்றிருந்தால் ஒன்று வெறுமையாக உள்ளது என்று பொருள். சில லெப்டொப்களில் ரேம் பலகையிலேயே ஒட்டப்பட்டிருக்கும். அவற்றில் கூட்ட முடியாமல் போகலாம்.

மூன்றாவது, உங்கள் விண்டோஸ் 32 பிட்டா, 64 பிட்டா என்பது. சிஸ்டம் பக்கத்திலேயே அது எழுதப்பட்டிருக்கும். வீட்டுப் பாவனைக்குரிய 32 பிட் விண்டோஸ் 4 ஜி.பி.க்கு மேல் ரேமைப் பாவிக்காது. அதிலும் மூன்று, மூன்றரை ஜி.பி. அளவுதான் உண்மையில் பயன்படும். அந்தக் கணனிக்கு 8 ஜி.பி. வாங்கிப் போட்டு விட்டு, "ஒரு வித்தியாசமும் இல்லையே" என்று கவலைப்படுவதில் பயனில்லை. பணம் கொடுக்குமுன் கணனியைத் திறக்கச் சொல்லி, புதிய அளவு காட்டுகிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.

இன்னும் கொஞ்சம் செலவழிக்க முடியுமானால், சுழலும் வன்தட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. ஒன்றைப் போடலாம். முன்னர் சொன்ன கணக்கை நினைத்துப் பாருங்கள். ஒரு நாள் நடை கால் மணித்தியாலமாகிறது. மாற்றுக் கோப்பு எழுதி எழுதி எஸ்.எஸ்.டி. தேய்ந்து விடும் என்ற அச்சம் சிலருக்கு உண்டு. எழுதுவதற்கு அதற்கு ஓர் எல்லை இருப்பது உண்மைதான். ஆனால் சாதாரண வீட்டுப் பாவனையில் அதையிட்டு மாற்றுக் கோப்பை நிறுத்துமளவுக்குக் கவலைப்படத் தேவையில்லை.

ரேமைக் கூட்டவே முடியாத மிகப் பழைய கணனியா? விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் திகதியும், விண்டோஸ் 7க்கானது 2020 ஜனவரி 14ஆம் திகதியும், விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியும் முடிவடைந்தன. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத கணனியில் வங்கிக் கணக்கைத் திறப்பது, பூட்டில்லாத கதவுள்ள வீட்டில் நகை வைப்பது போன்றது. அத்தகைய கணனியில் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயக்கு தளத்தின் இலகுவான பதிப்பைப் போட்டால், 2 ஜி.பி. ரேமிலும் கடிதம் எழுதவும், கணக்கு வைக்கவும், பாடம் பார்க்கவும் அது உதவும். லினக்ஸிலும் ஸ்வொப் உண்டு. அது ஒரு கோப்பாகவோ தட்டின் தனிப்பகுதியாகவோ இருக்கும். அதையும் நிறுத்தி விட வேண்டாம்.

பலர் கவனியாத ஒரு விடயம்

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலத்துக்கும் மேல் மின்சாரம் நின்ற நாட்களை நாம் மறக்கவில்லை. மின்சாரம் போனால் ரேமில் இருந்தது போய் விடும். அப்படியானால் மாற்றுக் கோப்பு தட்டில்தானே இருக்கிறது, அதிலிருந்து எடுக்கலாமா என்று நீங்கள் கேட்கலாம். முடியாது. எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை ரேமோடு போய் விடுகிறது. கணனி மீண்டும் திறந்ததும் அந்தக் கோப்பை வெறுமையானதாகவே கருதுகிறது. ஆகவே, எழுதும்போது பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கன்ட்ரோலையும் எஸ் விசையையும் ஒன்றாக அழுத்திச் சேமிக்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு ஏற்படுத்துங்கள்.

ஆனால் இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. கணனி வெறுமையாகக் கருதினாலும், முன்னர் எழுதப்பட்டவற்றின் எச்சங்கள் தட்டில் கிடக்கவே செய்யும். நீங்கள் பார்த்த படம், எழுதிய கடிதம், சில வேளை தட்டிய கடவுச்சொல்லின் துண்டு கூட மாற்றுக் கோப்பில் தங்கியிருக்கலாம். உங்களுக்கு அவற்றால் பயனில்லை. ஆனால் தகுந்த மென்பொருள் வைத்திருக்கும் அந்நியர் ஒருவர் அவற்றைத் தேடி எடுக்கலாம். நீங்கள் அழித்து விட்டதாக நினைக்கும் குடும்பப் படங்களின் நிலையும் இதுவே. டிலீட் கொடுத்தால் பெயர்தான் பட்டியலிலிருந்து போகிறது. படம் தட்டில் சில காலம் கிடக்கும்.

ஆகவே, பழைய கணனியை விற்கும்போதும், யாருக்கேனும் கொடுக்கும்போதும் வெறுமனே கோப்புகளை அழித்து விட்டுக் கொடுக்க வேண்டாம். விண்டோஸ் 10இல் ரீசெட் திஸ் பிசி என்பதைத் தெரிவு செய்தால் எல்லாவற்றையும் நீக்குவதா என்று கேட்கும். அதனோடு, தட்டையும் துப்புரவு செய்யும்படியான தெரிவையும் கொடுங்கள். சில மணித்தியாலங்கள் எடுக்கலாம். பரவாயில்லை. பாதி வழியில் மின்சாரம் போகாத நாளாகப் பார்த்துச் செய்யுங்கள். அதுவும் இயலாவிட்டால், வன்தட்டைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக் கொண்டு மீதியை விற்கலாம். தட்டு இல்லாததால் விலை சற்றுக் குறையலாம். வீட்டுப் பெண்களின் படங்கள் வேற்றார் கையில் போவதை விட அந்த இழப்பு பெரிதல்ல.

திருத்தக் கொடுக்கும்போதும் இதே கவனம் தேவை. ரேம் போடுவதற்குக் கடைக்காரருக்கு உங்கள் கடவுச்சொல் அவசியமில்லை. இயன்றால், நீங்களோ வீட்டிலுள்ள வேறொருவரோ பக்கத்தில் நிற்கும்போதே போட்டு வாங்கி வாருங்கள். சில நிமிட வேலைதான் அது.

வரிசையை மறவாதீர்கள்

சுருக்கமாகச் சொல்வதானால், முதலில் டாஸ்க் மெனேஜரைப் பாருங்கள். அடுத்து, தேவையற்றதை மூடுங்கள். மூன்றாவதாக, சி டிரைவில் இடம் உண்டாக்குங்கள். நான்காவதாக, மாற்றுக் கோப்பு நிறுத்தப்படாமல் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். இவற்றுக்கு ஒரு ரூபாவும் செலவில்லை. ஒரு பின்னேரம் போதும். இவற்றுக்குப் பிறகும் நோய் தீராவிட்டால் மட்டும் ரேம், அதன் பின் எஸ்.எஸ்.டி. என்று போகலாம். புதுக் கணனி என்பது கடைசியாகத்தான் வர வேண்டும்.

இந்த வேலைகளில் மகளையும் மகனையும் கூட வைத்துக் கொள்ளுங்கள். டாஸ்க் மெனேஜரில் எந்த எண் எதைச் சொல்கிறது என்று ஒரு தடவை காட்டினால், அடுத்த தடவை அவர்களே உங்களுக்குச் சொல்லுவார்கள்.

அடுத்த இதழில், குடும்பப் புகைப்படங்களை ஒரே இடத்தில் மட்டும் வைக்காமல் பாதுகாப்பாகப் பிரதி எடுத்து வைப்பது எவ்வாறு என்பதைப் பார்ப்போம்.